‘ஒட்ட’ என்றொரு சொல்

பாடநூல்கள் ‘மிகை மேய்ச்சல்’ என எழுதுவதைச் சித்தையன்கோட்டைப் பக்கத்தார் ‘ஒட்ட மேய்ந்துவிட்டது’ என்பர். நமக்குப் பின்னதே பிடித்திருக்கிறது. எவ்வளவு தின்றது என்பதைவிட, ஏதும் மிஞ்சவில்லை என்பதையே அச்சொல் உணர்த்துகிறது. கன்றுக்குத் துளியும் விடாமல் கறப்பதையும் ‘ஒட்டக் கறத்தல்’ என்றுதானே சொல்கிறோம்!

மாடு நாவால் புல்லைச் சுருட்டி இழுப்பதால் அடித்தாள் நிற்கும். செம்மறியாடோ தரையோடு கடிக்கும். ஆயினும் பழி முழுவதும் ஆட்டின் வாய்க்கு உரியதாகாது. ஒரே இடத்தில் ஓயாது மேயவிட்டால் புல் தழைக்க நாள் ஏது? நம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் கரூர், காங்கயம் வட்டாரங்களிலும் உள்ள கொறங்காடுகளில் உழவர்கள் கிளுவை வேலியிட்டு நிலத்தைப் பிரித்து, கொழுக்கட்டைப் புல் மீண்டும் வளரும்வரை மந்தையை அடுத்த பகுதிக்கு மாற்றுவர்.

சொந்த நிலம் உள்ளவர்க்கு அது கூடும். மேய்க்கால் புறம்போக்கை நம்பியவர் என் செய்வார்? பல ஊர்களில் அது மனைகளாகிவிட்டது. நல்ல புல்லைத் தின்றபின் எஞ்சியதை மிதித்துப் பாழாக்கும் கொழுத்த ஆடுகளை எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் கடிந்துகொள்கிறது; மனை வளைத்தோரை அவ்விடத்தில் நினையாதிருக்க நம்மால் இயலவில்லை. ஆட்டுக்காரரோ எஞ்சிய துண்டிலேயே திரும்பத் திரும்ப மேய்க்கிறார், அறுவடை முடிந்த வயலில் கிடைபோட யாரேனும் அழைக்கும்வரை.