படபடப்பு அடங்கும்

பெண் பிள்ளைகளை உடற்பயிற்சி செய்யச் சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அதற்குச் சொல்கிற காரணம்தான் எனக்குப் பிடிப்பதில்லை. “வரன் பார்க்க வருகிற நேரம், கொஞ்சம் நடந்தால் உடம்பு இளைக்கும்” என்பார்கள். அப்படி ஆரம்பிக்கிற நடை பத்து நாள் தாங்காது. எடை குறையவில்லை என்று தெரிந்த அன்று நடையும் நிற்கும், பிள்ளையின் மனசும் விட்டுப்போகும். எங்கள் ஆந்திரத்துக் கர்ணம் மல்லேஸ்வரி 2000-இல் சிட்னியில் 69 கிலோ பிரிவில் பளு தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். எடை என்றதும் நம் பெண்களுக்கு அவர் மொத்தமாகத் தூக்கிய 240 கிலோதான் நினைவுக்கு வர வேண்டும்.

நான் சித்தூரில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்ந்த எல்லையோரக் குடும்பம். பெண்கள் எந்த வயதில் மைதானத்தை விட்டு விலகுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை கபடிக்கும் கோகோவுக்கும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். பத்தாவதில் பாதிப் பேர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இன்டர் என்கிற பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகு பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடுவார்கள். இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை, ஆண்களில் இது 42 சதவீதம் என்று உலக சுகாதார அமைப்பு 2022-ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. எனக்கு அந்த எண்ணைப் பார்த்து ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி திருப்பதியில் விடுதியில் தங்கி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். விடிந்ததிலிருந்து இரவு வரை வகுப்பு, பிறகு ஸ்டடி ஹவர். தேர்வு அறைக்குள் போனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சில்லிட்டுப் போகும், படித்தது எதுவும் நினைவில் நிற்காது. டாக்டர் பார்த்துவிட்டு இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை என்றார். அவள் லீவில் வந்தபோது அலிபிரிப் படியேற அழைத்துக்கொண்டு போனேன்.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. காலி கோபுரம் வரை விடாத ஏற்றம். அதற்குப் பிறகு வெகுதூரம் ஏறக்குறைய சமதளம். முழங்கால் முறிச்சான் என்கிற இடத்தில் மறுபடியும் செங்குத்து. காலி கோபுரத்துக்குக் கொஞ்சம் கீழே அவள் நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

“பாட்டி, எக்ஸாம் ஹால்ல வர்ற அதே படபடப்பு.”

“உட்காரு கண்ணு. நெஞ்சுல கையை வெச்சுக்கோ. எப்ப அடங்குதுன்னு பார்த்து எனக்குச் சொல்லு.”

“அடங்கலேன்னா?”

“பார்த்துச் சொல்லு, போதும்.”

வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவிடம் உப்பும் மிளகாய்த் தூளும் தடவி இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் அவள் நெஞ்சிலிருந்து கையை எடுத்திருந்தாள். “தானாவே நின்னுடுச்சு பாட்டி” என்றாள். ஏதோ புதுசாகக் கண்டுபிடித்தவள் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. படியேறினாலும் அதேதான் நடக்கிறது. பயந்த சுபாவமுள்ள பெண் நாளடைவில் அந்தத் துடிப்பைக் கண்டே பயப்பட ஆரம்பிக்கிறாள். ஆபத்தில்லாத இடத்தில் அதே துடிப்பைத் திரும்பத் திரும்ப வரவழைத்து, அது தானாக அடங்குவதைப் பார்த்துவிட்டால் மனசுக்குப் பழகிவிடும். மனநல சிகிச்சையிலும் நோயாளியை நின்ற இடத்திலேயே ஓடச் சொல்லி, மாடிப்படி ஏறச் சொல்லி இதைச் செய்கிறார்கள். தன்னம்பிக்கைக்குப் பெரிய ஊற்று ஒருவர் தானே செய்து முடித்த காரியம்தான் என்று ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-லேயே எழுதினார். நேர்த்திக்கடனுக்காக ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் குங்குமம் இட்டு ஏறுகிற பெண்களைப் பாருங்கள். எந்த ஜிம்மிலும் அவ்வளவு குனிந்து நிமிர முடியாது. மேலே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் நடையில் வருகிற நிமிர்வை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் வீடுகளில் ஒரு பெண் தனக்காக ஒரு மணி நேரம் வெளியே போக வேண்டுமென்றால் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மலையேறப் போகிறேன் என்றால் மட்டும் மறுபேச்சில்லை. அந்த வாசல் திறந்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

தினமும் மலைக்குப் போக முடியாதுதான். மொட்டை மாடி இருக்கிறது, ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால் பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு கேட்கிற குறைந்தபட்சமான 150 நிமிடம் ஆகிவிடும். பதினேழு வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் வேண்டும். நாலு பேர் சேர்ந்து போங்கள். ஒருத்திக்குச் சோம்பலாக இருந்தாலும் மற்ற மூவர் இழுத்துக்கொண்டு போவார்கள்.

கொஞ்சம் நடந்தாலே சோர்ந்து விழுகிற பெண்ணைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 58.8 சதவீதம் பேருக்கு அது இருந்தது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் ஓட்டமெல்லாம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று ஒரு பெண் பேசினால் நடைப்பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலும் தெலுங்கிலும் இலவசமாகப் பேசலாம்.

விடுதி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. மாலையில் ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடச் சொல்லி, பெண்களை வெளியே விடுங்கள். மைதானம் இல்லாவிட்டால் மொட்டை மாடிச் சாவியைக் கொடுங்கள். தேர்வு நெருங்குகிறது என்று முதலில் வெட்டுகிற நேரமும் இதுதான். படபடப்பு அதிகமாவது அந்த வாரத்தில்தான், அப்போதும் இதை நிறுத்தாதீர்கள்.