புகைக்கூட்டுக்கு எந்தக் குழாய்?

2022 இல் எரிவாயுத் தட்டுப்பாட்டோடு எங்கள் குசினிக்கு விறகடுப்பு திரும்பி வந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பனைமட்டைப் புகைக்குள் சமைத்த அம்மாவுக்கு இன்னும் இருமல் விடவில்லை. அதனால் புதிய அடுப்புக்குப் புகைக்கூடு வைக்கத் தீர்மானித்தேன்.

“தங்கச்சி, இது சும்மா கிடக்குது” என்று மேசன் அண்ணை பிவிசி குழாயைக் காட்டினார். அது சூட்டில் இளகிவிடும். பழைய அஸ்பெஸ்டஸ் குழாயும் கிடந்தது. அதை அறுக்கும் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். காசு கூடினாலும் நாகமுலாம் பூசிய தகரக் குழாயையே வாங்கினேன். வளைவில்லாமல் நேராக, கூரை மரத்தில் முட்டாமல், முகட்டுக்கு மேலே இரண்டு அடி உயர்த்தினோம். உள்ளே படியும் கரியை அடிக்கடி தட்டிவிடுகிறேன்.

சகோதரிகளே, அடுப்படியில் நிற்பவர்கள் நாங்கள். குழாயையும் நாங்களே பார்த்துத் தெரிவு செய்வோம்.