ஏரிக்கரையில் ஒரு நாள்

யாம் ஜோகுபாளையத்தில் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இல்லத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் அல்சூர் ஏரி. பணியிலிருந்த காலத்தில் அதன் ஓரமாகவே நாள்தோறும் சென்று வந்தோம். ஓய்வு பெற்றபின் மருத்துவர் சொற்படி காலையில் அதன் கரையிலேயே நடக்கின்றோம். ஆயினும் அந்த ஏரியை யாம் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. இவ்வுண்மையைச் சென்ற மாசித் திங்களின் ஞாயிறொன்றில், ஒருநாள் ஓவியப் பயிற்சியின்போதுதான் உணர்ந்தோம்.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவள் எம் பேத்தி, பதினொரு வயதினள். திறந்த வெளியில் அமர்ந்து இயற்கைக் காட்சி தீட்டக் கற்பிப்பார்கள் என்றும், சிறுவர்களுடன் பெரியவர் ஒருவர் வரவேண்டும் என்றும் சொன்னார்கள். துணைக்குச் சென்ற எம்மிடமும் ஆசிரியர் ஒரு தாளையும் தூரிகையையும் நீட்டினார். அவர் கன்னடர், தமிழும் நன்கு பேசுவார். “ஐயா, சும்மா உட்கார்ந்திருப்பது இதைவிடக் கடினம்” என்றார். மறுக்க இயலவில்லை.

முதல் ஒரு மணி நேரம் வண்ணத்தைத் தொடவே விடவில்லை. நடுவில் சிறு சதுரம் வெட்டிய அட்டை ஒன்றைக் கையில் தந்தார். அதனைக் கண்முன் பிடித்தால் பரந்த ஏரி ஒரு சாளரத்துள் அடங்கிற்று. எதை எடுப்பது, எதை விடுவது என்பதே முதற்பாடம். அடுத்து, கண்களைப் பாதி மூடிப் பார்க்கச் சொன்னார். இலைகளும் கம்பிகளும் மறைந்து, ஒளியும் இருளுமாகச் சில பெரும் பகுதிகளே எஞ்சின. அருகிலுள்ள தூங்குமூஞ்சி மரம் கரும்பச்சையாகவும், ஏரி நடுவிலுள்ள தீவின் மரங்கள் அதனினும் மங்கலாகவும், அக்கரையின் உயர்ந்த கட்டடங்கள் நீலம் படர்ந்த சாம்பலாகவும் தோன்றின. தொலைவு என்பது அளவில் மட்டுமன்று, நிறத்திலும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

வெளியில் அமர்ந்து வண்ண ஓவியத்தை முடிக்கும் வழக்கம் மேலைநாட்டில் பெருகியதற்கு ஒரு சிறு கருவியும் காரணம் என்றார் ஆசிரியர். முன்னர் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தனர்; எடுத்துச் செல்வது தொல்லை. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகரக் குழலை உருவாக்கினார். அதன்பின் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் வண்ணங்களைத் தூக்கிச் செல்வது எளிதாயிற்று.

“நிழலை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு நகரும், நீங்கள் அதன்பின் ஓடாதீர்கள்” என்றும் அவர் எச்சரித்தார். இரண்டு மணி நேரத்திற்குமேல் ஒரே படத்தில் உழைத்தால் காலையும் நண்பகலும் ஒரே தாளில் கலந்துவிடுமாம். இதைக் கேட்டபோது எமக்குத் தொல்காப்பியம் நினைவிற்கு வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தது அந்நூல். மரமும் பறவையும் கருப்பொருள். அவை பின்னர் வருபவை. பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம், அறுபது கடந்த பின் ஏரிக்கரையில் பொருள் விளங்கிற்று.

விளங்கியும் என்ன பயன்? யாம் தீட்டத் தொடங்கினோம். நீர், கரை, வானம் எல்லாம் ஒருவாறு அமைந்தன. கரைமேல் வரிசையாகச் சில மரங்களையும் நிறுத்தினோம். கை தயங்காமல் ஓடிற்று. ஆசிரியர் வந்து எம் தோளுக்குப் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “ஐயா, இந்தப் பனைமரங்கள் எங்கே நிற்கின்றன?”

தலைநிமிர்ந்து பார்த்தோம். எம் முன்னே ஒரு பனையும் இல்லை. யாம் தீட்டியிருந்தது செய்யாற்றுப் பக்கத்திலுள்ள எம் பிறந்த ஊரின் ஏரியை. கண்கள் அல்சூரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கை மட்டும் ஊருக்குப் போய்விட்டது. பேத்தி எட்டிப் பார்த்தாள். “தாத்தா, இது நம்ம ஏரி இல்லையே!” என்றாள்.

அச்சிறுமியின் சொல் எம்மைச் சுட்டது. ‘நம்ம ஏரி’ என்று இதனை யாம் என்றேனும் சொன்னதுண்டா? எம் மக்களிடம் நாற்பது ஆண்டுகளாகச் சொன்னதெல்லாம், “எங்கள் ஊர் ஏரி போல வருமா?” என்பதே. கன்னடத்தில் பலாவுக்கு ஹலசு என்று பெயர்; ஹலசூர் என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பர். அதைக்கூடக் கேட்டறியாமல் அல்சூர், அல்சூர் என்று சொல்லி வந்தோம். 2016 மார்ச்சில் இவ்வேரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு தெருவழியே நடந்தோம். அது பிறர் வீட்டுத் துன்பம் போலவே எமக்குப் பட்டது.

ஆசிரியர் எம் படத்தைக் குறை கூறவில்லை. “இது நினைவு, இதையும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் இன்னொன்று தீட்டுவோம்” என்றார். உணவு வேளையில் அவர் ஓவியர் கே. வெங்கடப்பாவைப் பற்றிச் சொன்னார். கன்னட நாட்டில் பிறந்து 1965இல் மறைந்த அப்பெருமகனாரின் புகழ்பெற்ற நீர்வண்ணப் படைப்புகள் உதகமண்டலத்தையும் கோடைக்கானலையும் காட்டுபவை. அவர் தமிழ் நிலத்தின் மலையையும் மூடுபனியையும் கூர்ந்து கண்டு தீட்டினார். விடுதலைப் போராட்ட வீரரான ருமாலே சென்னபசவய்யாவோ பெங்களூரின் பூமரங்களையும் பூங்காக்களையும் நேரில் கண்டு தீட்டியவர். நம்மவரும் அவ்வாறு கண்டவரே. சித்தன்னவாசலின் விதானத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தாமரைக் குளம் தீட்டிய கை, மீனையும் எருமையையும் யானையையும் மலர் கொய்வாரையும் மறவாமல் அதில் வைத்தது. ஒரு குளத்தருகே நெடுநேரம் நின்று பார்த்தவனுக்கே அது கைகூடும்.

எற்பாட்டு வேளையில் இரண்டாம் படத்தைத் தொடங்கினோம். இம்முறை ஒரு கோட்டிற்கு இருமுறை தலைநிமிர்ந்தோம். நீரில் விழும் உருவத்தில் கருமை சற்றே வெளிறும், வெண்மை சற்றே மங்கும் என்று கற்றுக்கொண்டோம். நீர்வண்ணத்தில் வெண்மைக்கென வண்ணம் பூசாமல் தாளின் வெறுமையையே விட்டுவைக்க வேண்டுமென்றும் கற்றோம். இரும்பு வேலி இருந்தது, அதையும் வரைந்தோம். ஆகாயத்தாமரைத் திட்டு இருந்தது, அதையும் வரைந்தோம். நீர்க்காகம் ஒன்று சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. அது பறக்கும்முன் நான்கு கோடுகளில் பிடித்தோம். பச்சை மிகுந்துவிட்டது, தாளும் ஓரத்தில் சுருங்கிற்று. பேத்தியின் படம் எமதினும் நன்றாக இருந்தது. அவளுக்கு மறக்கவேண்டிய ஏரி வேறொன்றும் இல்லை.

ஏரிக்கு அண்மையில் வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திரைக்குள் இருந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டதைப் பெங்களூர்த் தமிழர் மறவார். அன்று கூட்டத்தில் நின்று யாமும் மகிழ்ந்தோம். எம் கண்ணின்மேல் ஒரு திரை கிடந்ததை அன்று யாம் அறியோம்.

இரு படங்களும் இப்போது எம் கூடத்துச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. வருவோர் பனைமரப் படத்தையே அழகு என்கின்றனர், அது உண்மையே. பிறந்த மண்ணை மறக்கவேண்டும் என்று யாம் யாருக்கும் சொல்லமாட்டோம். ஆனால் வாழும் மண்ணை அதனால் மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலையில் நடக்கும்போது இப்போதெல்லாம் தூங்குமூஞ்சி மரத்தடியில் சற்றே நிற்கின்றோம். குப்பை மிதந்தால் நெஞ்சு வலிக்கிறது. எம் பேத்தியிடம், “நம்ம ஏரியில் இன்று கூழைக்கடா வந்திருந்தது” என்று சொல்லவும் பழகிவிட்டோம்.