ரதத்தில் சொட்டிய சிவப்புத் தண்ணீர்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிக்க நேரமில்லாதவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறோம். ஆடிப்பூரம் அன்று ராத்திரி ரத ஊர்வலத்தில், மழை பெய்தபோது அம்மன் பாவாடையிலிருந்து சொட்டிய சிவப்புத் தண்ணீர் ரத்தம் இல்லை. கண்ணீரும் இல்லை. அது துணிச் சாயம். அந்தப் பட்டில் வண்ணம் தீட்டிக் கொடுத்தது நாங்கள்தான்.

வீடியோ அஞ்சு நாளா வாட்சப்பில் சுற்றுது. ஈப்போவில் இருக்கும் சொந்தக்காரங்க எங்களுக்கே அனுப்பி, "உங்க கோயில்ல அதிசயமாமே"ன்னு கேட்டாங்க. நாங்க பதில் போடாம இருந்தோம். அந்த அஞ்சு நாள் மௌனத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

"நாங்கள்" என்றால் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர். ஒருத்தர் பிறை தொழிற்பேட்டையில் லைன் சூப்பர்வைசர், ஒருத்தர் வீட்டிலேயே தையல் வேலை. வருஷா வருஷம் உற்சவ அம்மனுக்குப் பாவாடை தைத்துக் கொடுக்கிறோம், கோயிலுக்கு வர்றவங்களுக்குத் தெரியும். கடையில் சரிகைத் துணி வாங்கி, அளவெடுத்து, மடிப்பு வைத்துத் தைப்பது. அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

பட்டில் வண்ணம் தீட்டும் பழக்கம் 2020-ல் வந்தது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு ஆரம்பிச்சு, தையலுக்கு ஆர்டர் இல்லை, வீட்டை விட்டுப் போகவும் முடியாது. பொழுது போகாமல் வீடியோ பார்த்து ஆரம்பித்தோம். வெள்ளைப் பட்டுத்துணி ஆன்லைனில் வாங்கினோம். 'எட்டு மொம்மி'ன்னு போட்டிருந்தது. அது பட்டின் எடைக் கணக்கு. எட்டு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம்தான், ஊதினால் பறக்கும். பழைய படச்சட்டம் ஒன்றில் அதை ஊசி குத்தி இழுத்துக் கட்டணும், மேளத்தோல் மாதிரி விறைப்பா நிற்கணும். தொய்ந்தால் சாயம் நடுவில் குளம் கட்டும்.

காகிதத்தில் வரைவது மாதிரி இல்லை இது. தூரிகையில் ஒரு சொட்டு வைத்தால் போதும், சாயம் தானாக ஓடும். அதை நிறுத்த, முதலில் கோந்து மாதிரி ஒரு திரவத்தால் கோடு போடணும். கட்டா என்று பெயர். நம்ம நாட்டு பாத்தேக் துணியில் மெழுகு செய்யும் வேலையை இதில் கட்டா செய்யுது. கோடு காய்ந்ததும் அது ஒரு வேலி. ஆனால் வேலியில் ஊசி முனை அளவு இடைவெளி இருந்தாலும் சாயம் பக்கத்து வயலுக்குப் பாய்ந்துவிடும். எங்கள் முதல் கிளி அப்படித்தான் வால் வழியாக ஓடி மீன் ஆனது. அதற்கு அப்புறம் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு கோடாகப் பார்த்த பிறகுதான் வண்ணம் வைப்போம். நம்ம ஊர் ஈரக்காற்றில் கட்டா காய்வதே பெரும்பாடு. அவசரப்பட்டால் கெட்டது.

பிறகு உப்பு. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாயம் ஈரமாக இருக்கும்போதே மேலே உப்புக்கல்லைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் சுற்றியிருக்கும் ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கும், வண்ணமும் கூடவே நகரும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டுப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூத்திருக்கும். தூள் உப்பில் பொடிப்பொடியாக வரும். கல் உப்பில்தான் பெரிசா, வாலோட வரும். மாரியம்மன் சந்நிதியில் வேண்டிக்கொண்டு கொட்டும் அதே உப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் எங்களுக்கு அலுத்ததில்லை.

இத்தனை வருஷமும் நாங்கள் தீட்டியது கைக்குட்டை, கழுத்துத் துண்டு, பிள்ளைகள் கல்யாணத்துக்கு அன்பளிப்பு. எல்லாம் அயர்ன் போட்டால் நிலைக்கும் வகைச் சாயம். காய்ந்த பிறகு, துணியின் பின்பக்கமாகச் சூடாக அயர்ன் தேய்த்தால் முடிந்தது வேலை. துவைத்தாலும் போகாது.

இந்த வருஷம் அம்மனுக்கே தீட்டலாம் என்று ஆசை வந்தது. ஆடிப்பூரம் வளையல் காப்பு நாள் இல்லையா, குங்குமச் சிவப்பில் தரை, அதன் மேல் பச்சையும் மஞ்சளுமாக வளையல்கள், தங்கக் கோட்டில் கரை. வளையல் என்பது மூடிய வட்டம், கட்டா கோட்டுக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. 108 வளையல் போட்டோம். அம்மனுக்கு என்பதால் ஒசத்தியான சாயம் வாங்கினோம். இது வேற வகை. தொட்டால் பட்டு பட்டாகவே இருக்கும், விறைக்காது, நிறம் விளக்கு மாதிரி எரியும். ஆனால் அயர்ன் போதாது, நீராவியில் வேகவைத்தால்தான் சாயம் நாரில் பிடிக்கும். பாட்டிலிலேயே எழுதியிருந்தது. படித்தோம். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை.

திருவிழா வாரம் தொழிற்சாலையில் ஆர்டர் நெருக்கடி, தினமும் ஓவர்டைம். வரைந்து முடிக்கவே முந்தின நாள் ராத்திரி ஒரு மணி. நீராவி வைக்க இரண்டு மணி நேரம் வேணும், அதற்கான பாத்திரமும் வீட்டில் தயாரா இல்லை. அயர்ன் போட்டோம், நல்லா சூடாக, இரண்டு தடவை. தங்கக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. அந்தக் கோடு அயர்ன் சூட்டுக்கே பிடிக்கிற சரக்கு. அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு மொத்தத் துணியும் சரி என்று நம்பினோம். சிவப்பை ஈரத்துணியால் தொட்டுப் பார்க்கவில்லை.

"தண்ணி பட்டா?" என்று ஒருத்தர் கேட்டோம். "அபிஷேகம் முடிஞ்சுதானே சாத்துறாங்க, தண்ணி எங்க படப்போகுது?" என்று ஒருத்தர் பதில் சொன்னோம். யார் கேட்டது, யார் சொன்னது என்று இங்கே பிரிக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவு.

ஒரு வேலைக்கு ஒன்பது படி இருந்தால் ஒன்பதும் செய்யணும், எட்டோட நிறுத்திட்டு தாளில் டிக் போடக்கூடாது என்று 26 வருஷமா லைனில் பிள்ளைகளிடம் கத்துகிற வாய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

மற்றது உங்களுக்கே தெரியும். ரதம் மார்க்கெட் முனை திரும்பும்போது மழை கொட்டியது. பிளாஸ்டிக் விரிப்பு வருவதற்குள் அம்மன் நனைந்துவிட்டாள். முதலில் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு. பிறகு வெள்ளைச் சாமந்தி மாலை சிவந்தது, ரதத்தின் படியில் கோடாக வழிந்தது. "அம்மா! அம்மா!"ன்னு கூட்டம் கதறிச்சு. ரெண்டு பேருக்கு அருள் வந்தது. ஒரு பாட்டி அந்தத் தண்ணியை விரலால் தொட்டு நெத்தியில் வைத்துக்கொண்டாங்க. பக்கத்தில் ஒரு இளம் தாய், கைக்குழந்தையின் நெத்தியிலும் நாக்கிலும் தடவினாங்க.

நாங்கள் ரதத்துக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், கயிறு பிடித்துக்கொண்டு நின்றோம். பார்த்த உடனே தெரியும். சத்தம் வரவில்லை.

குழந்தையின் நாக்குதான் ராத்திரியெல்லாம் கண்ணில் நின்றது. மறுநாள் காலையில் விசாரித்து அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னோம். குழந்தை நல்லா இருந்தது, சிரித்தது. அந்தப் பெண் கோவிக்கவில்லை. ஆனால் முகம் வாடிப்போச்சு. பூசை அறையில் ஒரு சின்ன டப்பாவில் அந்தச் சிவப்புப் பஞ்சு இருந்தது. நாங்கள் சொல்லிவிட்டு வெளியே வரும்போது, அதை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாங்க. எங்களுக்கும் தெரியவில்லை.

நிர்வாகத்தில் சொன்னோம். "விடுங்கண்ணே, கூட்டம் வருது, ஏன் கிளறணும்?" என்று ஒருத்தர் கேட்டார். வெள்ளிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு வந்தது உண்மைதான். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை, கூரை வேலைக்கு எவ்வளவு பணம் தேவை என்று எல்லோருக்கும் தெரியும். தலைவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு குருக்களைப் பார்த்தார். குருக்கள் விளக்குத் திரி கிள்ளிக்கொண்டே, "அம்பாள் பேர்ல பொய் நிக்கக்கூடாது. சொல்லிடுங்கோ" என்றார். அவ்வளவுதான். அதை நம்பி உபயம் எழுதியவர்கள், மனசு மாறினால் தாராளமாக வந்து பேசலாம் என்று தலைவர் சொல்லச் சொன்னார்.

திங்கட்கிழமை லைனில் வேலை செய்கிற கிளந்தான் காக் ஒருத்தரிடம் இதைச் சொன்னோம். அவங்க குடும்பம் பரம்பரையா பாத்தேக் செய்தவங்க. பாதி கேட்டதுமே அவங்க சொன்னது: "வார்னா பெலும் மத்தி." நிறம் இன்னும் சாகலை. பாத்தேக் வேலையில் சாயத்தை நிலைநிறுத்துவதற்குப் பெயரே 'மாத்திக்கான் வார்னா', அதாவது நிறத்தைச் சாகடிப்பது. வரைந்து முடித்த துணி முழுக்க சோடியம் சிலிக்கேட் பூசி, மணிக்கணக்காக விட்டு, பிறகு அலசுவாங்களாம். உயிரோடு இருக்கும் நிறம் தண்ணீரைப் பார்த்தால் ஓடத்தானே செய்யும் என்று சிரித்தாங்க.

நிர்வாகத்தின் அனுமதியோடு பழைய பாவாடையை வீட்டுக்குக் கொண்டுவந்து அலசினோம். ஏழு வாளி சிவப்புத் தண்ணீர் போனது. மிச்சம் இருப்பது வெளிறிய ரோஸ் துணியும், அசையாத தங்கக் கோட்டில் 108 வெற்று வட்டங்களும்.

இப்போது இன்னொன்று தீட்டியிருக்கிறோம். இந்தத் தடவை அவசரம் இல்லை, லீவு போட்டோம். பட்டு நம்ம தலைமுடி மாதிரி புரத நார். சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் சாயம் உள்ளே போய்ப் பிடிக்கும், அயர்னில் சூடு மட்டும்தான் இருக்கு. அச்சு இல்லாத வெள்ளைத்தாளில் பட்டை வைத்து, பட்டும் பட்டும் ஒட்டாதபடி சுருட்டி, முறுக்கு மாதிரி வளைத்துக் கட்டினோம். பெரிய இட்லி சட்டியில் தண்ணிக்கு மேலே தட்டு, தட்டில் சுருள், அதன் மேல் அலுமினியத் தாளில் ஒரு குடை, மூடியைச் சுற்றித் துண்டு. மூடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் துணியில் வட்டம் விழுந்துவிடும். இரண்டு மணி நேரம் அடுப்பு. அந்தச் சட்டியில் இனிமேல் இட்லி அவிக்கக்கூடாது, சாயத்துக்கு என்று ஒதுக்கியாச்சு. மாமியார் வாங்கிக் கொடுத்த சட்டி, அது ஒரு வருத்தம்.

பிறகு அலசினோம். முதல் தண்ணீர் லேசா ரோஸ். இரண்டாவது தண்ணீரில் கலங்கல்கூட இல்லை. வெள்ளைப் பஞ்சை நனைத்துச் சிவப்பில் அழுத்தித் தேய்த்தோம். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஒவ்வொரு வளையலாக, ஒவ்வொரு நிறமாகத் தேய்த்தோம்.

ரதத்தில் அன்று நெத்தியில் வைத்துக்கொண்ட பாட்டியை நேற்று கோயிலில் பார்த்து இதையெல்லாம் சொன்னோம். கேட்டுவிட்டு, "சாயமா இருந்தா இருந்துட்டுப் போவுது தம்பி, அம்மா மேல பட்டு வந்ததுதானே"ன்னு சொல்லி, எங்க ரெண்டு பேர் நெத்தியிலும் விபூதி பூசினாங்க. நாங்க ஒண்ணும் சொல்லலை.

வேண்டுகோள் இரண்டு. அன்று அந்தத் தண்ணியை வாயில் வைத்தவங்க யாராவது இருந்தால், முக்கியமா பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால், எங்களுக்குத் தெரியப்படுத்துங்க. வீட்டுக்கே வந்து பார்க்கிறோம். வீடியோவை யார் யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கு இந்தப் பதிவையும் அனுப்புங்க.

புதுப் பாவாடையை அம்மனுக்குச் சாத்தலாமா என்று நாங்கள் கேட்கவில்லை, அதை நீங்களும் நிர்வாகமும் முடிவு பண்ணுங்க. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு, பூசை தொடங்கும் முன்னால், கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வாளி நிறையத் தண்ணியோட நிற்போம். எல்லோர் முன்னாடியும் அதை முக்கி எடுப்போம். வந்து பாருங்க.

உங்கள் கோயில் தொண்டர்கள்