குனிந்து பார்க்கும் கேமரா

நான் தொழில் பழகியது யாஷிகா 635 கேமராவில். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். கழுத்தில் மாட்டி, வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். உருவம் அதில் இடவலம் மாறித் தெரியும். மாப்பிள்ளை இடப்பக்கம் சாய்ந்தால் திரையில் வலப்பக்கம் போவார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். "தாலி ஒரு தடவைதாம்ல கட்டுவான், பாத்து அமுக்கு" என்பார் பாளையங்கோட்டை ஸ்டூடியோ அண்ணாச்சி.

அந்தக் கேமராவில் ஒரு சௌகரியம் உண்டு. முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினால் எதிரே இருப்பவர் விறைத்துக்கொள்வார். குனிந்து நிற்பவனை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

ஹோமாய் வியாரவாலாவின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் அவர். 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில், ஒரு பார்சி நாடக நடிகரின் மகளாகப் பிறந்தார். பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தார். பின்னாளில் கணவரான மானெக்‌ஷாவிடம் கேமரா பழகினார். 1942-ல் டெல்லிக்குப் போனவர், சேலை கட்டிக்கொண்டு, இதே போலக் குனிந்து பார்க்கும் ரோலிஃபிளெக்ஸும் கனமான ஸ்பீட் கிராஃபிக்கும் சுமந்து, சைக்கிளில் வேலைக்குப் போனார். ஒரு பிளாஷ் பல்பு ஒரு படத்துக்குத்தான். சுட்ட பல்பைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அதற்குள் தலைவர் காரில் ஏறிப் போயிருப்பார்.

பிரிவினைக்குத் தலைவர்கள் கை உயர்த்தி வாக்களித்த கூட்டம், மவுண்ட்பேட்டனின் விடைபெறல், காந்தியின் இறுதி ஊர்வலம், 1956-ல் நாதுலா கணவாய் வழியாக வந்த தலாய் லாமா என எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொன்றை. விமானத்துக்குள் நேரு; அவர் வாயில் ஒரு சிகரெட். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரின் மனைவிக்குச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். தன்னை ஒரு கேமரா பார்ப்பதே நேருவுக்குத் தெரியாத மாதிரி இருக்கிறது. ஒரு பெண் கேமராவோடு சுற்றுவதை அன்று பலர் விளையாட்டாக நினைத்தார்களாம். அந்த அலட்சியமே தனக்கு வழி திறந்தது என்பதை ஹோமாய் சொல்லியிருக்கிறார்.

தவறிய படமும் உண்டு. காந்தி சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று, அந்தப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பிய ஹோமாயை, மறுநாள் சேர்ந்து போகலாம் என்று கணவர் திரும்ப அழைத்துவிட்டார். அந்த வருத்தம் கடைசிவரை அவரை விடவில்லை. எந்தப் புகைப்படக்காரனைக் கேட்டாலும் இப்படி எடுக்காத படம் ஒன்றைச் சொல்வான். இவர் எடுக்காதது அது.

கண்ணில் படாமல் நிற்பது தொழிலுக்கு நல்லது. பெயரும் கண்ணில் படாமல் போனால் அது அநியாயம். ஹோமாயின் ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பிறகு 'டால்டா 13' என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். பிறந்த வருஷம் 13, கணவரைச் சந்தித்த வயது 13, முதல் காரின் எண் டிஎல்டி 13.

கணவர் இறந்த மறு வருஷம், 1970-ல், தொழிலை விட்டார். புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தை பிடிக்கவில்லை என்பதையும் காரணமாகச் சொன்னார். மகனும் 1989-ல் போன பிறகு வதோதராவில் தனியாக வாழ்ந்தார். தோட்டம், தச்சு, குழாய் ரிப்பேர் எல்லாம் அவர் கையாலேயே. 2006-ல் சபீனா கடிஹோக் எழுதிய நூல் வந்த பிறகுதான் பலருக்கு அவரைத் தெரிந்தது. 2011-ல் பத்ம விபூஷண். 2012 ஜனவரி 15 அன்று, 98 வயதில் காலமானார்.

எங்கள் ஸ்டூடியோவில் நெகட்டிவ்களை ரீடச் செய்தது அண்ணாச்சியின் மனைவி. கூர்சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பார். அரைமணி நேரம் மூச்சே விடாத மாதிரி உட்கார்ந்திருப்பார். படத்தின் பின்னால் குத்திய முத்திரையில் அண்ணாச்சி பெயர் மட்டுமே இருந்தது. நானும் அந்த முத்திரையை ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட மதினி பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் பழைய படங்கள் இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எடுத்தவர் யாரென்று தெரிந்தால், பென்சிலால் மெதுவாக, அவர் பெயரை எழுதி வையுங்கள்.