பால் மறந்த பிள்ளை

ஜூன் 3

நாளுக்கு 5 சங்கீதம். இந்தக் கணக்கில் வேதத்திலுள்ள 150 சங்கீதங்களும் ஒரே மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு ஒரே வாரத்தில் முடிக்க விதித்தார். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது ஆகிற காரியமா?

மகனுக்கு வேலை போனதிலிருந்து, "91-ஐ வாசிங்கக்கா" என்கிறார்கள் சபையார். ஆனால் வரிசைப்படி இன்றைக்கு 11 முதல் 15. 13-இல் தாவீது எடுத்த எடுப்பிலேயே, இன்னும் எத்தனை காலம் என்று நான்கு முறை கேட்டுவிடுகிறார். மொத்தம் 6 வசனம். கடைசி இரண்டில் நம்பிக்கையோடு பாடவும் தொடங்கிவிடுகிறார். நடுவில் எதிரி ஒழிந்ததாகவோ காரியம் கைகூடியதாகவோ ஒரு சொல்லும் இல்லை.

ஜூன் 18

இன்று 88. தலைப்பில் ஏமான் பெயர் இருக்கிறது. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவதற்குள் எங்காவது தேறிவிடும். இது 18 வசனமும் போய் இருட்டிலேயே நிற்கிறது.

ராத்திரி மகன் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தான். "ஜெபம் பண்ணவே வரலம்மா." 88-ஐ எடுத்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இப்படியெல்லாம் ஆண்டவர்கிட்ட பேசலாமா?" என்றான்.

"வேதத்துலயே இருக்கே."

முதல் வசனத்தைத் திரும்பக் காட்டினேன். இவ்வளவு குறையையும் ஏமான், தன்னை ரட்சிக்கிறவர் என்று கூப்பிட்டுத்தான் சொல்லத் தொடங்குகிறார். கேட்க ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் இப்படி முறையிடுவான்.

ஜூன் 24

இன்றைய பங்கில் 119. அது ஒன்றே 176 வசனம். மருமகள் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பதால் பேத்திக்குப் பால் மறக்கடிக்கிறோம். வேப்பிலையை அரைத்துத் தடவியாயிற்று. வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்து ஒரே கத்தல். தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே வாசித்தேன். பாதி வருவதற்குள் விடிந்துவிட்டது.

ஜூன் 27

131. மூன்றே வசனம். பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப் போனவர்கள் பாடியவை என்பார்களே, அந்த 15 ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. தம் ஆத்துமா தாயிடத்தில் பால் மறந்த குழந்தையைப்போல் இருப்பதாகத் தாவீது சொல்கிறார்.

வயிறு நிறைந்து தூங்குகிற பச்சைப்பிள்ளையை அவர் சொல்லவில்லை. கேட்டு, அழுது, அடம்பிடித்து, கிடைக்காமலே போன பிள்ளையைச் சொல்கிறார். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த மருமகளின் மடியில் பேத்தி ஏறினாள். மாராப்பை இழுக்கவில்லை. தாலிச் சங்கிலியைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றினாள். அப்புறம் அப்படியே சாய்ந்துகொண்டாள். அம்மாவிடம் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த அமைதிக்கு முன்னால் எத்தனை அழுகை! சங்கீதப் புத்தகத்திலும் 13-ஐயும் 88-ஐயும் தாண்டித்தான் 131 வருகிறது. அவற்றை வாய்விட்டுச் சொல்லியிருக்காவிட்டால் இதை நான் உதட்டளவில்தான் சொல்லியிருப்பேன்.

மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. நாளை மறுநாள் ஓர் இன்டர்வியூ. அதற்காகக் கேட்பதை விடவில்லை. கொடுத்தால்தான் மடிக்கு வருவேன் என்று ஆண்டவரிடம் பேரம் பேசுவதைத்தான் விட்டிருக்கிறேன்.