அப்பாவின் சாரம்

ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் வைத்திருக்கும் எந்தத் தமிழ் அம்மாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவா: விக்டோரியா நாள் லீவு வரும்வரை கத்தரிக்கண்டை வெளியில் நடக்கூடாது. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. ரொறன்ரோவில் அதற்குள் உறைபனி பெரும்பாலும் முடிந்துவிடும். நான் ஒரு கிழமை முந்திவிட்டேன்.

காரணம் மூன்று நாள் வெயில். ஐந்து மாதம் குளிருக்குள் கிடந்தவர்களுக்கு 22 பாகை என்றால் புத்தி கொஞ்சம் பிசகும்.

மார்ச் நடுவில் விதை போட்டு ஜன்னலோரம் வளர்த்த 21 கண்டுகள். யாழ்ப்பாணத்து நீளக் கத்தரி. விதை இங்கே எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வருஷாவருஷம் ஒரு காயைச் செடியிலேயே மஞ்சளாகும்வரை விட்டு அம்மா விதை எடுப்பா. போன வருஷம் அவவுக்கு முழங்கால் ஒப்பரேஷன். தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை, கிடைத்தது ஒரு சிட்டிகை விதை. கொஞ்சம் எடுத்து வைக்காமல் முழுவதையும் நான் போட்டிருந்தேன். அதை அவவிடம் சொல்லவில்லை.

அன்றிரவு 3 பாகை வரை இறங்கும் என்று போன் காட்டியது. அம்மா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தா.

"வானம் வெளிச்சுக் கிடக்கு, பிள்ளை. காத்தும் இல்லை. மூடிவிடு."

"பூச்சியத்துக்கு மேலைதானே அம்மா."

அந்த 3 பாகை ஆள் உயரத்தில் அளக்கிற கணக்கு. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை நேரே வானத்துக்குக் கொடுத்துவிடும். தரையோடு நிற்கிற இலை அதைவிட மூன்று நாலு பாகை குளிர்ந்துபோகலாம். இதெல்லாம் பிறகு வாசித்தது. அன்றைக்கு முன்னுக்கு நின்ற இரண்டு வரிசைக்கும் ஒப்புக்குக் குப்பைப் பைகளை விரித்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

விடியப் பார்த்தால் புல் வெள்ளை. பைகளைத் தூக்கினேன். பிளாஸ்டிக் தொட்ட இலையெல்லாம் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கின. இரண்டு வரிசையும் போச்சு.

மூன்றாவது வரிசைக்கு மேலே நீலக் கட்டம் போட்ட இரண்டு சாரங்கள். அப்பா போய் ஆறு வருஷம். அவற்றை எறிய அம்மா விடமாட்டா. துணி இலையில் படாமல் பெயின்ற் வாளிகளில் ஏற்றி, மண்ணின் சூடு வெளியே போகாமல் ஓரமெல்லாம் நிலத்தோடு கல் வைத்திருந்தது. உள்ளே ஏழு கண்டும் பச்சையாக நின்றன.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பொல்லோடு நடக்கிறவ. இருட்டில், அந்த நாலு படி.

"விழுந்திருந்தா?"

"நான் விழேல்லையே." தேத்தண்ணியை ஊதினா. "அடுத்த வருஷத்துக்கு மிச்ச விதை இருக்குத்தானே?"

நான் பேசாமல் நின்றேன்.

"முழுக்கப் போட்டிட்டியோ?"

தலையாட்டினேன். அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் அவ என்னோடு கதைக்கவில்லை.

அன்றிரவும் 3 பாகைதான். பின்னேரமே மண்ணுக்குத் தண்ணி விடச் சொன்னா. ஈரமண் கூடுதலாகச் சூட்டைப் பிடித்து வைக்கும். பிறகு கதவடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "அந்த மூலை தூக்கிக் கிடக்கு, இன்னொரு கல் வை" என்றா. மூட முதல் ஏழையும் எண்ணச் சொன்னா. எண்ணினேன். திரும்பவும் எண்ணச் சொன்னா.